படத்தில் இறந்தவர் லிஃப்டில் நிற்கிறார்

ஆஸ்பத்திரியில் வீடியோ எடுப்பது என் வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு, நான் இதைச் சொன்னால், ரசம் வருவதற்குள் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஒரு காலத்தில் அதே பந்திகளில் காமிராவைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்கள் சாப்பிடுவதைப் படம் பிடித்தவள் நான். அவிநாசி, பல்லடம் பக்கமெல்லாம் பெண்பிள்ளைகளுக்குச் சீர் செய்கிற வீடுகளில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் கூடி நிற்கிற அறைக்குள் ஆண் காமிராக்காரர் வந்தால் சங்கடம் என்பதுதான் காரணம். என் திறமைக்காக என்று நான் ஒருநாளும் ஏமாந்ததில்லை. பிறகு ட்ரோன் வைத்திருக்கிற பையன்கள் வந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மலையுச்சியில் ஓடிப் பிடித்து விளையாடுவதை எடுக்கிற காலம் வந்தது. என்னைத் தேடுகிறவர்கள் குறைந்தார்கள். கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைகளைப் பதிவு செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்துகொண்டேன்.

திறந்த வயிற்றைப் படமெடுப்பது கல்யாணப் பெண்ணைப் படமெடுப்பதைவிடச் சுலபம். பவுடர் கலையாது. பெரியப்பா முகம் விழவில்லை என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஒரே தொந்தரவு டாக்டரின் தலை. காமிராவை எந்தப் பக்கம் வைத்தாலும் முக்கியமான கட்டத்தில் அந்தத் தலை சரியாகக் குறுக்கே வந்து நிற்கும். மேலே தொங்குகிற விளக்கின் வெளிச்சத்தில் குடலெல்லாம் காகிதம் மாதிரி வெளுத்துப்போகும். வெளிச்சத்தைக் குறைத்தால் ரத்தம் கறுத்துவிடும். நிஜ ரத்தத்தை நிஜ ரத்தமாகக் காட்டுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தப் படங்களை டாக்டர்கள் மாநாடுகளுக்குக் கொண்டுபோய் ஒருவருக்கொருவர் போட்டுக் காட்டிக்கொள்வார்கள். நோயாளியின் முகமோ பெயரோ அதில் இருக்காது. தோலுக்குக் கீழே எல்லோரும் ஒன்றுதான் என்று நான் கண்ணால் பார்த்தது அங்கேதான். எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போன தோட்டங்களில் அதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள ஆள் கிடையாது.

கொஞ்ச நாளில் நோயாளிகளின் வீட்டாருக்கு நோயை விளக்குகிற படங்களும் எடுக்கச் சொன்னார்கள். பித்தப்பைக் கல், முழங்கால் மாற்று, கண்புரை என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். காத்திருப்புக் கூடத்து டிவியில் அவை ஓடும். அதற்கு எதிரே ஜனங்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவற்றால் யாருக்கும் நன்மை இருந்ததா, தெரியாது. கெடுதல் இல்லை. அதோடு நின்றிருக்கலாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மூளைச்சாவைப் பற்றி ஒரு படம் வேண்டும் என்றார். தலையில் அடிபட்டு வருகிறவர்களில் சிலருக்கு மூளை முழுக்கச் செத்துப்போகிறது. ஆனால் வென்டிலேட்டர் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கிறவரை இதயம் இன்னும் சில நாள் அடிக்கும். உடம்பு சூடாக இருக்கும், நெஞ்சு ஏறி இறங்கும், ஆண்களுக்குத் தாடிகூட வளரும். இறந்துவிட்டார் என்று டாக்டர் சொல்வார். வீட்டார் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தூங்கறாப்புலதானுங்க இருக்குது என்பார்கள். இரண்டு பேரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். நடுவில் நிற்பதற்கு ஒரு படம் தேவைப்பட்டது.

ஏற்கெனவே ஒன்று இருந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, மூளைத் தண்டின் மீளாச் செயலிழப்பு என்று ஆரம்பிப்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு. நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நம் ஜனங்கள் பேசுகிற மாதிரியே எழுதினேன். 'மூச்சு உடுறது மிசினுங்க, அவரில்லீங்க' என்று எழுதினபோது பெரிய டாக்டர் சிரித்தார். பிறகு, இருக்கட்டும் என்றார். பின்னணிக் குரலையும் நானே கொடுத்தேன். காசு கொடுத்து யாரையாவது கூப்பிட்டால் சோப்பு விளம்பரம் மாதிரி படித்துவிட்டுப் போவார்கள் என்ற பயம்தான்.

நிஜ நோயாளியை எடுக்க அனுமதி இல்லை. கேட்கவும் எனக்கு மனம் இல்லை. அதனால் செத்த மாதிரி படுக்க ஓர் ஆள் தேடினேன். ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டுப் பார்த்தேன். தினமும் பிணத்தைத் துடைத்துக் கட்டுகிறவர்கள்கூட அந்தக் கட்டிலில் படுக்கமாட்டேன் என்றார்கள். ஓர் ஆண் நர்ஸ் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அவருடைய அம்மா எனக்குப் போன் செய்து அழுதார். கடைசியில் ஒத்துக்கொண்டவர் லிஃப்ட் ஓட்டுகிறவர். நோயாளிகளைக் கட்டிலோடு ஏற்றுகிற பெரிய லிஃப்டில் நாள் முழுக்க நிற்கிறவர். நின்னு நின்னு காலு போச்சுங்க, படுக்கச் சொன்னா வேண்டாம்பேனுங்களா என்றார். வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயன் வீட்டில் பிறந்தவர். சிறுவயதில் படியில் விழுந்து இடது புருவம் பிளந்த தழும்பு இருந்தது. விபத்தில் அடிபட்டவர் என்று பார்க்கிறவர்கள் நம்புவதற்கு அது தோதாக இருந்ததால், அந்தப் பக்கத்திலிருந்தே எடுத்தேன்.

அவர் நடித்ததை நடிப்பு என்று சொல்லவே முடியாது. மூச்சுக் குழாயைக் குட்டையாக வெட்டிப் பல்லில் கடிக்கக் கொடுத்து மேலே பிளாஸ்திரி ஒட்டினோம். வென்டிலேட்டரின் மறுமுனையை, படத்தில் தெரியாத இடத்தில், ஒரு ரப்பர் பையில் மாட்டிவைத்தோம். மிசின் புஸ்ஸென்று அந்தப் பைக்குள் காற்றை விடும்போதெல்லாம் இவர் நெஞ்சை உயர்த்துவார், நிற்கும்போது இறக்குவார். அப்படி ஒரு பொருத்தம். ஒன்றே ஒன்றுதான் ஒத்துவரவில்லை. இறந்தவரின் கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி சுருங்காது என்று காட்ட வேண்டும். மனுசன் எதை நடித்தாலும் கண்மணியை நடிக்க வைக்க முடியாதே. அடிக்க அடிக்கச் சுருங்கியது. கடைசியில் டாக்டரின் கையையும் டார்ச்சையும் மட்டும் எடுத்து, மிச்சத்தைக் குரலில் சொல்லிச் சமாளித்தேன்.

படம் முடிகிற இடத்தில், இனி இவரு எந்திரிக்க மாட்டாருங்க என்று என் குரல் சொல்லும். அதற்குப் பிறகு, இதில் வருபவர் நடித்தவர் என்ற வரியும் வரும். ஆனால் அந்த வரி வரைக்கும் யாரும் பார்த்ததில்லை. என் குரல் அப்படிச் சொன்னவுடன் வீட்டார் உடைந்துபோவார்கள். குடும்பங்களிடம் பேசுவதற்கென்றே இருக்கிற பெண், நாங்கள் ஆலோசகர் என்று சொல்கிறவர், அங்கேயே படத்தை நிறுத்திவிட்டு அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார். அது மனிதர்கள் செய்கிற காரியம்தான். இப்போது அந்த வரியைப் படத்தின் ஆரம்பத்திலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். இப்போதும் யாரும் படிப்பதில்லை.

படம் ஓடத் தொடங்கியபோது அவர் ஸ்கேன் கட்டடத்து லிஃப்டில் இருந்தார். பிறகு ஆள் பற்றவில்லை என்று தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற கட்டடத்துக்கு மாற்றினார்கள். மாற்றினவர்களுக்கு அவர் படத்தில் செத்தவர் என்பது ஞாபகம் இல்லை. எனக்கும் வரவில்லை.

அடிபட்ட ஒரு பெண்ணை அங்கே கொண்டுவந்தது அதற்குப் பிறகு. இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இருக்கும். கொடுமுடிப் பக்கம் ஊர், வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் வெள்ளாமை செய்கிற குடும்பம், ஒரே பிள்ளை. இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அவிநாசி ரோட்டில் பாலத்துக்கு அடியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள், கொக்கி மாட்டவில்லை. தலையைத் திறந்து பார்த்தார்கள், மூடிவிட்டார்கள். சில நாள் கழித்து, மூளைச்சாவை உறுதிசெய்ய இடைவெளி விட்டுச் செய்கிற இரண்டு சோதனைகளில் முதலாவது முடிந்ததும் பெற்றவர்கள் இருவரையும் ஆலோசகர் அறைக்குக் கூட்டிவந்து படத்தைப் போட்டுக் காட்டினார்கள். என் குரல் சொல்ல வேண்டியதைச் சொன்னது. அப்பா அழுதார். அம்மா அழாமல் திரையில் நின்றுபோன முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

பிறகு இருவரும் மகளைப் பார்க்க லிஃப்டில் ஏறியிருக்கிறார்கள்.

ஆலோசகர் என் எடிட்டிங் அறைக்கு மூச்சு வாங்க ஓடி வந்து விஷயத்தைச் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஓடிக்கொண்டிருந்த எடிட்டிங்கை நிறுத்தினேன். அந்த அம்மா பெரிய டாக்டர் முன்னால் நின்று, குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல் சொன்ன வார்த்தைகளை ஆலோசகர் அப்படியே ஒப்பித்தார்.

"உங்க டிவில ஒருத்தரு கெடந்தாருங்க. இனி எந்திரிக்க மாட்டாருன்னு நீங்கதான் சொன்னீங்க. அவருதானுங்க இப்ப எங்கள மேல கொண்டாந்து உட்டுப்போட்டுப் போறாரு. எம்புள்ளையும் அப்பிடித்தானுங்க. கொஞ்சம் பொறுங்க, வந்துருவா."

அது நடிப்பு என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவரே எங்கிட்டச் சொன்னாருங்க என்றிருக்கிறார்.

நேராக லிஃப்டுக்குப் போனேன். கூட்டம் இறங்கும்வரை காத்திருந்து, கதவு மூடியதும் பிடித்துக் கத்தினேன். என்னய்யா சொல்லி வைத்தாய் என்று கேட்டேன். வழக்கமாக அண்ணா என்று கூப்பிடுகிற மனிதரை. அவர் பட்டன்களைப் பார்த்தபடியே நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா லிஃப்டில் ஏறினதும் இவருடைய புருவத்தைப் பார்த்திருக்கிறார். நீங்கதானுங்களே அந்த டிவில என்று கேட்டிருக்கிறார். இவர் ஆமாம் என்றிருக்கிறார்.

"நடிச்சேனுங்கன்னு சொல்லத்தான் வாயெடுத்தேனுங்க. அதுக்குள்ள என்ற கையப் புடிச்சு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாங்க. அப்பறம் எப்பிடீங்க சொல்றது?"

எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று அவர்கள் கேட்டார்களாம். வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார்: பெண்டாட்டி காதுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தாள், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று. அன்றிலிருந்து அந்த அம்மா பார்வை நேரம் முழுக்க மகளின் காதில் பேசிக்கொண்டிருந்தார். மாடு கன்று போட்டது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தது, மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டினது எல்லாம். நர்ஸ்கள் அதைக் கேட்கமுடியாமல் அக்கட்ட நகர்ந்துபோவார்கள். மற்ற நோயாளிகளின் வீட்டாருக்கும் சேதி பரவிவிட்டது. லிஃப்டில் ஏறுகிற இரண்டொருவர் அவரைக் கும்பிட்டார்கள். ஒரு பெரியவர் தன் பேரனுக்குத் திருநீறு வைத்துவிடச் சொல்லிப் பொட்டலத்தை நீட்டினாராம். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அது இதுதான். சாவை விளக்குவதற்கு ஒரு படம் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குள் அது ஒரு சாமியை உண்டாக்கிவிட்டது.

இரண்டாவது சோதனையும் முடிந்தது. முடிவில் மாற்றம் இல்லை. உறுப்பு தானம் பற்றி ஆலோசகர் ஒருமுறை மெதுவாகக் கேட்டதோடு சரி. மறுபடி யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் உறுப்பை எந்தத் தாயிடம் கேட்பது? அவள் இறந்துவிட்டாள் என்பதை அந்த அம்மா ஒத்துக்கொண்டால் போதும், மகளிடம் சொல்லிக்கொண்டு விடைபெற்றால் போதும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்ற நிலைக்குப் பெரிய டாக்டரே வந்துவிட்டார். வீட்டார் ஒத்துக்கொள்ளாமல் மிசினை நிறுத்த முடியாது. இதயம் தானாக நிற்கும்வரை அந்த அம்மாவை ஒரு பொய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசவிட்டு வேடிக்கை பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. லிஃப்ட்காரரையே நேரில் நிறுத்தி உண்மையைச் சொல்லவைக்கலாம் என்றார். ஆனால் அவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வால்பாறை பஸ் ஏறியிருந்தார். போன் அணைந்திருந்தது. அவரை நான் குற்றம் சொல்லவில்லை. சொன்னது அன்றைக்கு லிஃப்டில் ஒருநாள்தான்.

அப்புறம் மிச்சம் இருந்தது நான். வெட்டாமல் ஒட்டாமல் எடுத்தது எடுத்தபடி இருக்கிற பதிவைப் போட்டுக் காட்டுங்கள், எப்படி நடித்தார் என்று அவர்களே பார்க்கட்டும் என்றார் பெரிய டாக்டர். யோசனை நல்ல யோசனை மாதிரிதான் இருந்தது.

மதியப் பார்வை நேரம் முடிந்து இருவரும் ஆலோசகர் அறைக்கு வந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், தோள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர் முன்னால் என் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் நின்றுகொண்டே லேப்டாப்பைத் திறக்க, அவர் எழுந்து, நீங்க உக்காருங்க அம்மணி என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. துக்கம் வந்த பிறகு கிடைக்கிற மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அம்மா என் முகத்தைப் பார்த்து, அந்தப் படத்தில் பேசுவது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லா வெளங்கறாப்புலப் பேசுறீங்க என்றார்.

பதிவைப் போட்டேன். லிஃப்ட்காரர் சீருடையோடு வந்து கட்டிலில் ஏறிப் படுக்கிறார். குழாயை வெட்டுகிறார்கள். அவர் அதைக் கடித்துப் பார்த்து, ரப்பர் வாசனை அடிக்குது என்கிறார். பிளாஸ்திரி ஒட்டுகிறார்கள். மூக்கு அரிக்கிறது, கையைத் தூக்கக் கூடாது என்று ஒரு நர்ஸைச் சொறிந்துவிடச் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் பெரிதாகக் கேட்பது என்னுடையது. சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினேன். இருக்கட்டுங்க என்றார் அம்மா.

டார்ச் அடிக்கிற காட்சி வந்தது. வெளிச்சம் பட்டதும் கண்மணி கடுகு போலச் சுருங்குகிறது. மறுபடி அடிக்கிறார்கள், மறுபடி சுருங்குகிறது. ஐயோ, சுருங்குதுங்களே என்று என் குரல் அலுத்துக்கொள்கிறது. அப்பா அதைக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். திரையைப் பார்த்தபடியே டாக்டரைக் கேட்டார்.

"எம்புள்ளைக்கு இப்பிடிச் சுருங்குலீங்களா?"

"இல்லீங்க," என்றார் டாக்டர். "மொதல் நாள்லிருந்தே இல்லீங்க."

அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார். வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. நான் எடுத்த விளக்கப் படங்களிலேயே ஒருவருக்கு முழுதாக விளங்கியது அதுதான். தொழிலில் ஜெயித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா அசையவில்லை. மிச்சத்தையும் போடுங்கள் என்றார். கடைசிக் காட்சி. மிசின் மூச்சு விடுகிறது, அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறது, முகத்தில் உயிர் இருக்கிற அடையாளமே இல்லை. நீண்ட நேரம் அப்படியே போகிறது. பிறகு காமிராவுக்குப் பின்னாலிருந்து என் குரல் கணீரென்று, "போதுங்ண்ணா, எந்திரிங்க" என்கிறது. அவர் கண்ணைத் திறக்கிறார். குழாயை உருவிப் போட்டுவிட்டு, எழுந்து உட்கார்ந்து, சோம்பல் முறித்து, டீ வந்துருச்சுங்களா என்று கேட்கிறார்.

அதை இன்னொருக்கா போடுங்க என்றார் அம்மா. போட்டேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் செத்தவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இந்தப் பதிவை இந்த அம்மாவிடம் காட்டியிருக்கக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"அவரு நடிச்சாருங்க. வெளங்குது," என்றார் அம்மா. "ஆனா எந்திரிக்க மாட்டாருன்னு சொன்னதும் நீங்க, எந்திரிங்கன்னு சொன்னதும் நீங்கதானுங்க. நாஞ்சொன்னா அவ கேக்கமாட்டேங்கறா. சின்னதுலிருந்தே எம்பேச்சக் கேக்கமாட்டா. நீங்க வந்து ஒருக்கா சொல்லுங்க அம்மணி."

ஆலோசகர் அவர் பக்கத்தில் மண்டியிட்டு என்னவோ சொன்னார். டாக்டர் சொன்னார். இறந்த உடம்புக்குக் காது கேட்காது என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகவும் சொன்னார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் மறுக்காமல் கேட்டுக்கொண்டு, என்னையே பார்த்தபடி இருந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. டாக்டர்மேல், பஸ் ஏறிப் போனவர்மேல், மாட்டாத அந்தக் கொக்கிமேல், என் தொண்டைமேல். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சரியாக நடந்துகொள்கிறவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். ஒருமுறை சொல்லிப் பார்த்து அது நடக்கவில்லை என்றால் இந்த அம்மாவுக்கு ஆறுதலாவது வரும் என்று நான் யோசித்துச் செய்ததாகவும் சொல்லமாட்டேன். போகிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை.

செருப்பைக் கழற்றி, மேலங்கி மாட்டி, கை கழுவிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனேன். காமிரா இல்லாமல் நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் தலையில் கட்டு. முகம் வீங்கி, கண்ணோரம் மினுமினுத்தது. விரல்களில் ஊதா நிற நகச்சாயம். ஆக்ஸிஜன் பார்க்கிற கிளிப் மாட்டியிருந்த ஒரு விரலில் மட்டும் அதைத் துடைத்திருந்தார்கள். நெஞ்சு ஏறியது, இறங்கியது. நான் எழுதிய வசனம் எனக்கே தெரியும். மூச்சு விடுவது மிசின். அவளில்லை.

அம்மா குனிந்து மகளின் காதோரத்தில், "கண்ணு, அந்தக்கா வந்திருக்காங்க பாரு" என்றார். அப்புறம் நிமிர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"போதும் கண்ணு. எந்திரி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"அவருக்குச் சத்தமாத்தானுங்க சொன்னீங்க."

சத்தமாகச் சொன்னேன். படப்பிடிப்பில் கூப்பிடுகிற அதே குரலில், போதும் கண்ணு எந்திரி என்று. அந்தக் கோடியில் இருந்த நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளுடைய இமைகளைப் பார்த்தேன். எத்தனையோ குடும்பங்களுக்கு, இனி எந்திரிக்க மாட்டாருங்க என்று சொன்ன நான், மூளைச்சாவைப் பற்றி டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய நான், அந்த இமை அசையும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வெட்கமில்லாமல் காத்திருந்தேன். மிசின் மூச்சு விட்டது. மறுபடியும் விட்டது.

அம்மா பிள்ளையின் போர்வையை இழுத்துப் பாதத்தை மூடினார். ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சரிங்க அம்மணி," என்றார். "உங்களுக்கு வேல கெடக்கும். நீங்க போங்க."